சுருங்கும் வட்டம்: அமெரிக்க அணுமின் நிலையச் செயல்நீக்கத்தில் அவசரநிலைத் திட்டத்தின் வரலாறு

முன்னுரை

அணுமின் நிலையங்களைப் பற்றிய வரலாறுகளில் அவற்றின் கட்டுமானமும் இயக்கமும் விபத்துகளும் விரிவாக இடம்பெறுகின்றன. நிலையம் மூடப்பட்ட பின்னர் நிகழ்வன ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆனால், மூடப்பட்ட நிலையத்திலிருந்து எரிபொருளை அகற்றி, கதிரியக்கம் படிந்த பகுதிகளைத் தூய்மைப்படுத்தி, கட்டடங்களை இடித்து, நிலத்தை வேறு பயனுக்கு ஒப்படைப்பது நெடிய பணியாகும். அமெரிக்க விதிகள் இப்பணிக்கு 60 ஆண்டுகள்வரை அவகாசம் அளிக்கின்றன. இதனையே ‘செயல்நீக்கம்’ என்னும் சொல்லால் இக்கட்டுரையில் குறிக்கிறோம். ‘பணிநீக்கம்’ என்பது ஊழியரை விலக்குதலையும், ‘தகர்ப்பு’ என்பது இடித்தலை மட்டுமே உணர்த்துவதாலும் அவற்றைத் தவிர்த்துள்ளோம்.

இயங்கும் நிலையத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கென அபாயச் சங்குகள், வெளியேற்றப் பாதைகள், அயோடின் மாத்திரைகள், பயிற்சிகள் ஆகியவற்றைக் கொண்ட அவசரநிலைத் திட்டம் ஒன்று உண்டு. நிலையம் மூடப்பட்ட பின்னர் அத்திட்டம் எப்பொழுது, எந்த அளவுகோலின்படி, யாருடைய முடிவால் விலக்கிக்கொள்ளப்படுகிறது? இவ்வினாவிற்கு அமெரிக்க அனுபவத்தின் வழியாக விடை காண முயல்கிறோம். பல நிலையங்கள் மூடப்பட்ட நாடு என்பதும், அந்நாட்டின் ஒழுங்குமுறை விவாதங்கள் பொது ஆவணங்களாகக் கிடைக்கின்றன என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்களாகும். அவசரநிலைத் திட்டம் ஒரு தொழில்நுட்பக் கணக்கு மட்டுமன்று. நிலையத்தின் அயலில் வாழ்வோருக்குப் பேசும் இடத்தைத் தந்த ஓர் ஏற்பாடும் ஆகும். செயல்நீக்கத்தின்பொழுது கணக்கு கவனமாகப் போடப்படுகிறது. அந்தப் பேசும் இடமோ கவனிப்பின்றி மறைந்துவிடுகிறது. இதுவே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. வட்டம் வரையப்பட்டமை

1979 மார்ச் 28ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் இரண்டாம் உலையில் எரிபொருளின் ஒரு பகுதி உருகியது. இரண்டு நாள்கள் கழித்து, நிலையத்திலிருந்து 5 மைல் தொலைவுக்குள் வாழும் கருவுற்ற பெண்களும் பள்ளி செல்லாத சிறுவர்களும் வெளியேறுமாறு ஆளுநர் ரிச்சர்ட் தோர்ன்பர்க் அறிவுறுத்தினார். ஆனால், ஆலோசனை சுட்டிய அளவை மிஞ்சி ஏறத்தாழ 140,000 பேர் தங்கள் இல்லங்களை விட்டு நீங்கினர். எங்குச் செல்வது, எப்பொழுது திரும்புவது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லக்கூடிய திட்டம் அப்பொழுது அங்கு இல்லை.

இவ்விபத்துக்கு முன்னரே, 1978 டிசம்பரில், அரசு முகமைகளின் அறிக்கை ஒன்று இரண்டு திட்ட வலயங்களைப் பரிந்துரைத்திருந்தது. காற்றில் வரும் கதிரியக்கத்தால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடிய 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வலயம் ஒன்று. உணவும் நீரும் மாசடையக்கூடிய 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் வலயம் மற்றொன்று. பரிந்துரையாக இருந்த அவ்வட்டங்களை விபத்து சட்டமாக்கியது எனலாம். 1980 ஆகஸ்டில் அணுவியல் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட விதி, அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிலையத்திற்கு வெளியிலான திட்டங்களை மதிப்பிடும் பொறுப்பு கூட்டரசு அவசரநிலை மேலாண்மை முகமையிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்களைப் பாதுகாக்க இயலும் என்பதற்கு நியாயமான உறுதி இல்லாவிடில் நிலையம் இயங்க உரிமம் இல்லை என்பதே இவ்விதியின் உயிர்நாடியாகும்.

2. ஷோர்ஹாம்: ஒரு மாவட்டத்தின் மறுப்பு

இவ்விதியில் அதனை இயற்றியோர் எதிர்பாராத விளைவு ஒன்று அடங்கியிருந்தது. திட்டம் தீட்ட வேண்டியவை மாநில, மாவட்ட நிர்வாகங்கள். அவை தீட்ட மறுத்தால் என்னாகும்?

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டு தீவில் கட்டப்பட்டுவந்த ஷோர்ஹாம் நிலையம் இவ்வினாவை எழுப்பியது. நீண்டு குறுகிய அத்தீவின் நிலவழிகள் மேற்கே நியூயார்க் நகரை நோக்கியே செல்கின்றன. 1983 பிப்ரவரியில், மக்களை உரிய காலத்தில் வெளியேற்றவல்ல திட்டம் எதுவும் இயலாது என்று சஃபோக் மாவட்ட மன்றம் தீர்மானித்தது. ஆளுநர் மாரியோ குவோமோ மாவட்டத்தின் நிலைப்பாட்டை ஆதரித்தார். நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டே செயற்படுத்தும் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. அதன்மேல் நடந்த வழக்காடலில் பொறியியல் வினாக்களோடு மனித வினாக்களும் எழுந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் தம் பிள்ளைகளைத் தேடிச் செல்லாமல் பிறர் பிள்ளைகளை ஏற்றிச் செல்வாரா? 10 மைலுக்கு அப்பால் வாழ்வோரும் அஞ்சிப் புறப்பட்டுவிட்டால் சாலைகள் தாங்குமா? திரீ மைல் ஐலண்டில் நிகழ்ந்ததை நினைவிற்கொண்டு நோக்கினால் இவை வெறும் கற்பனை வினாக்கள் அல்ல என்பது விளங்கும்.

உள்ளூர் நிர்வாகம் ஒத்துழைக்காவிடினும் உரிமம் வழங்க இடமளிக்கும் வகையில் ஆணையம் 1987இல் விதியைத் திருத்தியது. 1989இல் நிலையத்திற்கு முழு இயக்க உரிமமும் கிட்டியது. எனினும், அதற்குள் நிலையத்தை மூடுவதற்கு மாநிலமும் நிறுவனமும் உடன்பாடு கண்டிருந்தன. பல நூறு கோடி டாலர் செலவில் கட்டப்பட்ட ஷோர்ஹாம் நிலையம் வணிக முறையில் ஒருநாளும் இயங்கவில்லை. அது 1 டாலர் விலைக்குப் பொது நிறுவனம் ஒன்றிடம் கைமாறி, 1994இல் செயல்நீக்கம் செய்து முடிக்கப்பட்டது.

ஷோர்ஹாம் போராட்டத்தைச் சரியென்றோ தவறென்றோ தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அவசரநிலைத் திட்டம் என்னும் வாயில் வழியாக ஒரு மாவட்டம் கூட்டரசின் ஆணையத்தோடு சமநிலையில் நின்று வாதாட முடிந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

3. அணைந்த உலையும் ஆறாத எரிபொருளும்

செயல்நீக்கக் காலத்தில் அவசரநிலைத் திட்டம் குறைக்கப்படுவதற்கு வலுவான அறிவியல் காரணம் உண்டு. உலை நிறுத்தப்பட்டவுடன் அணுப்பிளவு நின்றுவிடுகிறது. ஆயினும் பிளவில் தோன்றிய கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடுகின்றன. நிறுத்திய கணத்தில் இவ்வெப்பம் உலையின் முழு ஆற்றலில் 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். ஒரு நாளில் அது அரை விழுக்காட்டிற்கும் கீழே இறங்குகிறது. அதன்பின் வீழ்ச்சி மெதுவாகிறது. தைராய்டு சுரப்பியைத் தாக்கும் அயோடின்-131இன் அரைவாழ்வு 8 நாள்களே. ஆகவே 80 நாள்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சில மாதங்களுக்குப்பின் அயோடின் மாத்திரை தேவையற்றதாவதன் காரணம் இதுவே. மாறாக, சீசியம்-137இன் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டுகளாகும். நிலையம் மூடப்பட்டாலும் அது எரிபொருளுக்குள் அப்படியே தங்கியிருக்கிறது.

உலையிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள் ஏறத்தாழ 12 மீட்டர் ஆழமுள்ள நீர்க்குளத்தில் வைக்கப்படுகிறது. நீரே அதனைக் குளிர்விக்கிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. இக்குளங்கள் தற்காலிகச் சேமிப்பிற்காகவே முதலில் வடிவமைக்கப்பட்டவை. எரிபொருள் சில காலம் ஆறியபின் மறுபதப்படுத்தும் ஆலைக்கு அனுப்பப்படும் என்று கருதப்பட்டது. 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வணிக முறை மறுபதப்படுத்தலைக் காலவரையின்றி ஒத்திவைத்தார். எரிபொருளுக்குப் போக்கிடம் இல்லாமற்போகவே, குளங்களில் தாங்கிகள் நெருக்கி அமைக்கப்பட்டன.

நெருக்கமாக அடுக்கப்பட்ட குளம் நீரை இழக்குமாயின் எரிபொருளின் சர்க்கோனிய உறை வெப்பமடையும். ஏறத்தாழ 900 பாகை செல்சியசை எட்டும்பொழுது அது காற்றோடு வினைபுரிந்து தானே வெப்பத்தைப் பெருக்கித் தீப்பற்றக்கூடும். அத்தீ சீசியத்தை வெளியே கொண்டுசெல்லும். நிகழும் வாய்ப்பு மிகக் குறைவு. நிகழ்ந்தால் விளைவு மிகப் பெரிது. செயல்நீக்கக் கால விவாதம் முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே அமைந்துள்ளது.

4. முற்றுப்பெறாத விதி

1990களில் பல நிலையங்கள் மூடப்பட்டன. இயங்கும் நிலையங்களுக்கென எழுதப்பட்ட விதிகளே அவற்றிற்கும் பொருந்தின. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே விதிவிலக்குக் கோரியது. இதற்கு மாற்றாகப் பொதுவிதி ஒன்றை வகுக்க எண்ணிய ஆணையம், மூடப்பட்ட நிலையங்களின் குளங்களால் நேரக்கூடிய ஆபத்தை ஆராயச் செய்தது. அவ்வாய்வு 2001 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆபத்து குறைவு என்று அது கூறியது. ஆனால், நிலநடுக்கம் போன்ற காரணத்தால் குளத்தின் அமைப்பே சிதைந்து காற்றோட்டம் தடைபடக்கூடுமாதலால், இத்தனை ஆண்டுகள் கழிந்தால் தீப்பற்றவே பற்றாது என எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக அறுதியிட இயலாது என்றும் அதுவே ஒப்புக்கொண்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நிகழ்ந்த தாக்குதல்கள், ஆபத்து என்பதன் பொருளையே மாற்றின. இயற்கையின் சீற்றத்தைக் கணிப்பதுபோல் மனிதரின் திட்டமிட்ட செயலை நிகழ்தகவால் கணிக்க இயலாது. பொதுவிதிப் பணி ஒத்திவைக்கப்பட்டது. விளைவாக, பின்வந்த ஆண்டுகளில் விதிவிலக்கே விதியாயிற்று.

அவ்விதிவிலக்குகளின் அளவுகோல்களில் ஒன்று 10 மணி நேரக் கணக்காகும். குளத்தின் நீர் முழுவதும் வெளியேறி, வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்று கொண்டாலும், எரிபொருள் 900 பாகையை எட்ட 10 மணி நேரத்திற்குமேல் ஆகுமானால், ஊழியர்கள் நீர் பாய்ச்சவும், தேவைப்படின் உள்ளூர் நிர்வாகம் மக்களை அப்புறப்படுத்தவும் போதிய காலம் உண்டு என ஆணையம் கருதியது. வெள்ளத்திற்கும் தீவிபத்திற்கும் உரிய பொதுப் பேரிடர்த் திட்டமே அதற்குப் போதும் என்பது முடிவாகும். 10 மணி நேரம் என்பது எரிபொருளின் வெப்பத்தைக்கொண்டு கணிக்கப்பட்டது. சங்குகள் கழற்றப்பட்டு, பயிற்சிகள் நின்று, பயிற்சி பெற்றோர் ஓய்வுபெற்றுவிட்ட ஒரு சிற்றூரில் அந்த 10 மணி நேரத்தில் என்ன செய்து முடிக்க இயலும் என்பது வேறொரு கணக்கு.

5. ஃபுகுஷிமாவின் நான்காம் உலை

இந்த வாதங்கள் ஏட்டளவில் இருந்த நிலையில், 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் பேரிடர் நேர்ந்தது. அமெரிக்கச் செயல்நீக்க வரலாற்றில் அந்நிலையத்தின் நான்காம் உலைக்குத் தனியிடம் உண்டு. பராமரிப்புக்காக 2010 நவம்பர் இறுதியில் நிறுத்தப்பட்ட அவ்வுலையின் எரிபொருள் முழுவதும் குளத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. புதியன 204 உட்பட 1,535 எரிபொருள் கட்டுகள் அங்கிருந்தன. உலை வெறுமை, குளம் நிறைவு என்னும் அந்நிலை, அண்மையில் மூடப்பட்டுச் செயல்நீக்கம் தொடங்கும் நிலையத்தின் நிலையையே ஒத்திருந்தது.

மார்ச் 15ஆம் நாள் நான்காம் உலையின் கட்டடம் வெடித்தது. மறுநாள் அமெரிக்க ஆணையத்தின் தலைவர் கிரெகரி யாட்ஸ்கோ, அக்குளத்தில் நீர் இல்லை எனத் தாம் நம்புவதாக நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். ஜப்பானிலிருந்த அமெரிக்கர்கள் 50 மைலுக்கு அப்பால் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர். அம்மாத இறுதியில், ஜப்பானிய அணுசக்தி ஆணையத்தின் தலைவர் கோண்டோ ஷுன்சுகே தம் நாட்டுப் பிரதமருக்கு அளித்த மோசநிலைக் கணிப்பு, 170 கிலோமீட்டர்வரை கட்டாய வெளியேற்றம் தேவைப்படக்கூடும் எனக் காட்டியது. நல்வாய்ப்பாகக் குளத்தில் நீர் இருந்தது. வெடிப்பிற்குக் காரணமான ஹைட்ரஜன் மூன்றாம் உலையிலிருந்து பொதுக் குழாய் வழியாக வந்தது எனவும், பக்கத்து உலைக்கிணற்றில் பராமரிப்புக்காக நிரப்பப்பட்டிருந்த நீர் குளத்திற்குள் கசிந்து துணைபுரிந்தது எனவும் பின்னர் அறியப்பட்டது. எரிபொருளை அகற்றும் பணி 2014 டிசம்பரில் முடிந்தது.

தீப்பற்றவில்லை என்பதால், குளங்கள் உறுதியானவை என்பதற்கு இந்நிகழ்வைச் சான்றாகக் கொள்வாரும் உண்டு. எதிர்பாராத கசிவு கைகொடுத்தது என்பதால், அச்சத்திற்குச் சான்றாகக் கொள்வாரும் உண்டு. வரலாற்று நோக்கில் மூன்றாவது பாடம் ஒன்று புலப்படுகிறது. நெருக்கடி நேரத்தில் குளத்தில் நீர் உள்ளதா என்ற எளிய செய்தியைக்கூட வல்லுநர்களால் உடனடியாக அறிய இயலவில்லை. காலம் போதும் என்னும் கணக்கு, என்ன நடக்கிறது என்பது தெரியும் என்னும் எடுகோளின்மீது நிற்கிறது.

6. வெர்மான்ட்டும் சான் ஒனோஃப்ரேயும்

2013இல் அமெரிக்காவில் மூடுவிழாக்கள் மீண்டும் தொடங்கின. வெர்மான்ட் யாங்கி நிலையம் பொருளாதாரக் காரணங்களால் 2014 டிசம்பர் 29ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அதன் 10 மைல் வலயம் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் என்னும் மூன்று மாநிலங்களைத் தொட்டது. விதிவிலக்கு வழங்கப்படுவதை வெர்மான்ட் மாநிலம் எதிர்த்தது. எனினும் 2016 ஏப்ரலில் வலயம் நீங்கியது. எரிபொருள் முழுவதும் குளத்திலிருந்து உலர் கொள்கலன்களுக்கு மாற்றப்பட்டது 2018 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட ஈராண்டுகளுக்கும் மேலாகக் குளம் இருந்தது, வட்டம் இல்லை. ஷோர்ஹாமில் ஒரு மாவட்டத்தின் மறுப்பு ஒரு நிலையத்தையே நிறுத்தத் துணையாயிற்று. வெர்மான்ட்டில் ஒரு மாநிலத்தின் மறுப்பால் விதிவிலக்கைத் தடுக்க இயலவில்லை. உரிமம் பெறுவதற்குத் திட்டம் முன்நிபந்தனையாக இருந்தது. திட்டத்தை விலக்குவதற்கு உள்ளூரின் இசைவு நிபந்தனையாக இல்லை. இவ்வேறுபாடு கவனத்திற்குரியது.

கலிபோர்னியாவின் கடற்கரையில், லாஸ் ஏஞ்சலிசுக்கும் சான் டியாகோவிற்கும் இடையே அமைந்த சான் ஒனோஃப்ரே நிலையத்தை நிரந்தரமாக மூடும் முடிவு 2013 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் விதிவிலக்கு வழங்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் 3ஆம் நாள், எரிபொருள் நிறைந்த பெருங்கொள்கலன் ஒன்று நிலத்தடிக் கூட்டிற்குள் இறக்கப்பட்டபொழுது உள்விளிம்பில் சிக்கிக்கொண்டது. தாங்கும் பட்டைகள் தளர்ந்துவிட்டதைப் பணியாளர்கள் உடனே உணரவில்லை. அடித்தளத்திற்கு ஏறத்தாழ 18 அடி உயரத்தில், முக்கால் மணி நேரம்போல் கொள்கலன் பற்றுக்கோடின்றி நின்றது. பின்னர் அது பத்திரமாக இறக்கப்பட்டது. கதிரியக்கம் எதுவும் வெளியாகவில்லை. சில நாள்களில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் தொழிலாளர் ஒருவர் எழுந்து பேசியபொழுதே மக்கள் இதனை அறிந்தனர். உரிய காலத்தில் அறிவிக்கத் தவறியதும் ஆணையம் கண்ட குற்றங்களுள் ஒன்றாகும். 2019இல் 116,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இந்நிகழ்வு பேரிடரன்று, அதனைப் பெரிதாக்குவது நேர்மையாகாது. அது உணர்த்துவது வேறு. செயல்நீக்கம் என்பது அசைவற்ற ஓய்வன்று; நூற்றுக்கணக்கான முறை பாரம் தூக்கி இறக்கும் தொழிற்காலமாகும். வெப்பத்தின் கணக்கில் ஆபத்து இறங்குமுகமாக இருக்கும் அதே ஆண்டுகளில், கையாளும் பணி ஏறுமுகமாக இருக்கிறது.

7. நான்கு படிகளும் திரும்பி வரும் வட்டமும்

தனித்தனி விதிவிலக்குகளுக்கு மாற்றாக, 2022 மார்ச்சில் ஆணையம் நான்கு படிகளைக் கொண்ட வரைவு விதியை முன்வைத்தது. உலையிலிருந்து எரிபொருள் அகற்றப்படுவது முதற்படி. போதிய அளவு வெப்பம் தணிந்தபின், அதாவது கொதிநீர் உலைகளுக்கு 10 மாதமும் அழுத்தநீர் உலைகளுக்கு 16 மாதமும் கழிந்தபின், இரண்டாம் படி. எரிபொருள் முழுவதும் உலர் கொள்கலன்களில் அடைக்கப்படுவது மூன்றாம் படி. எரிபொருள் அவ்விடத்தை விட்டே நீங்குவது நான்காம் படி. ஒவ்வொரு படியிலும் திட்டம் சுருங்கும். கதிரியக்க அவசரநிலைக்கெனத் தனியாக வகுக்கப்படும் வெளித்திட்டம் இரண்டாம் படியிலேயே விலகிவிடும்.

தர்க்க ஒழுங்குடைய இவ்வடுக்கின் நான்காம் படிதான் இடறலாக நிற்கிறது. 1982இன் அணுக்கழிவுச் சட்டத்தின்படி கூட்டரசு 1998 ஜனவரி 31க்குள் எரிபொருளைப் பொறுப்பேற்கத் தொடங்கியிருக்க வேண்டும். அது நிகழவில்லை. 1987இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நெவாடாவின் யக்கா மலைத் திட்டமும் 2010 அளவில் முடங்கியது. மெய்ன் யாங்கி நிலையம் 2005இல் முற்றாக இடித்து அகற்றப்பட்டது. கொள்கலன்கள் மட்டும் காவலோடு அங்கேயே நிற்கின்றன. நிலையம் இல்லாத நிலையிலும் அதன் எரிபொருள் ஊருக்குள் குடியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் எதிர்த்திசைப் பயணமும் தொடங்கியுள்ளது. மிச்சிகன் மாநிலத்தின் பாலிசேட்ஸ் நிலையம் 2022 மே மாதத்தில் மூடப்பட்டுச் செயல்நீக்கத்திற்கெனக் கைமாறியது. பின்னர் மறுதொடக்கத்திற்கு விண்ணப்பிக்கப்பட்டு, 2025இல் மீண்டும் இயக்க நிலைக்குத் திரும்ப ஒப்புதல் பெற்றது. சுருக்கப்பட்ட அவசரநிலைத் திட்டத்தை அங்கு மீட்டமைக்க வேண்டியதாயிற்று. இவ்விதிகள் பிறக்கக் காரணமாயிருந்த திரீ மைல் ஐலண்டிலும், 2019இல் மூடப்பட்ட முதலாம் உலையை மீண்டும் இயக்கும் திட்டம் 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. சங்குகளை மீண்டும் பொருத்த இயலும். ஆனால், ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் ஆண்டாண்டாகப் பயிற்சியால் படிந்த பட்டறிவு அவ்வாறு கிடங்கில் வைத்து எடுக்கக்கூடியதன்று.

முடிவுரை

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மூடப்பட்ட நிலையத்தின் ஆபத்து இயங்கும் நிலையத்தின் ஆபத்தைவிடக் குறைவு என்பது உண்மை. திட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதில் அறிவியல் முரண்பாடு இல்லை. இரண்டாவது, குறைக்கும் அளவுகோல்கள் பெரும்பாலும் எரிபொருளின் வெப்பத்தை அளக்கின்றன. அயலூரின் ஆயத்தத்தை அளப்பதில்லை. மூன்றாவது, திட்டம் நீங்கும்பொழுது பயிற்சிக்கான நிதியும் செய்தி பெறும் உரிமையும் வாதாடும் வாயிலும் சேர்ந்தே நீங்குகின்றன.

ஆகவே, வெளித்திட்டத்தின் நீக்கத்தை நிலையம் மூடப்பட்ட நாளோடு பிணைப்பதைவிட, எரிபொருள் முழுவதும் உலர் கொள்கலன்களை அடையும் நாளோடு பிணைப்பதே பொருத்தம் எனக் கருதுகிறோம். கூடுதலாகும் செலவு சில ஆண்டுகளுக்குரியது. அச்செலவு, குளத்தை விரைவில் வெறுமையாக்கும் தூண்டுதலாகவும் அமையும். அதன்பின்னரும், எரிபொருள் அவ்விடத்தில் உள்ளவரை, நிகழ்வுகளை அயலார்க்கு உடனுக்குடன் அறிவிக்கும் கடமை நீடிக்க வேண்டும்.

நிலையம் வருவதற்குமுன் ஊரைக் கேட்க வேண்டும் என்ற நெறியைத் திரீ மைல் ஐலண்டும் ஷோர்ஹாமும் நிலைநாட்டின. நிலையம் போகும்பொழுதும் ஊரைக் கேட்க வேண்டும் என்ற நெறி இன்னும் எழுதப்படவில்லை.